லாகின் கேட்கிறது, ஃபோட்டோ வெளியே கிடக்கிறது

கடலூரில் முகூர்த்த மாதம் வந்துவிட்டால் மண்டபக்காரர்களுக்கு அடுத்து மூச்சுவிட நேரமில்லாதவர்கள் ஸ்டூடியோக்காரர்கள்தான். முன்பெல்லாம் ஆல்பம், அப்புறம் சிடி, அப்புறம் பென்டிரைவ். இப்போது மாப்பிள்ளை வீட்டில் பாதிப் பேர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், பாண்டிப் பக்கம் சம்பந்தம் என்றால் ஒரு சித்தப்பாவாவது பாரிஸில் இருப்பார், அதனால் ‘ஆன்லைன்ல போட்டு லிங்க் அனுப்பிடுங்க’ என்பது பேக்கேஜிலேயே சேர்ந்துவிட்டது. திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த ஸ்டூடியோ அண்ணன் ஒருவர் இதற்காகவே மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்து, யாரையோ வைத்து வெப்சைட் செய்து, லாகின் பக்கமும் போட்டு வைத்திருக்கிறார். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்தால் அந்த வீட்டு ஆல்பம் திறக்கும். பார்க்க நன்றாகவே இருக்கிறது.

ஆனால் அதில் ஒரு ஃபோட்டோவின் முகவரியை மட்டும் காப்பி செய்து இன்காக்னிட்டோவில் ஒட்டினால், எதுவும் கேட்காமல் ஃபோட்டோ வந்துவிடுகிறது. கடைசி எண்ணில் ஒன்று கூட்டினால் அடுத்த ஃபோட்டோ. ஃபோல்டர் பெயரில் இருக்கும் தேதியை மாற்றினால் வேறு யார் வீட்டுக் கல்யாணமோ. ஃபைல் பெயரையே அழித்துவிட்டு ஃபோல்டர் வரைக்கும் அடித்தால் மொத்தப் பட்டியலும், தேதியும் சைஸும் சேர்த்து, வரிசையாக வந்து நிற்கிறது. மணப்பெண் அறையில் எடுத்தவை உட்பட.

‘லாகின் கேட்குதுல்ல தம்பி, அப்புறம் எப்படி?’ என்றார் அண்ணன். நியாயமான கேள்வி. அந்த லாகின் பக்கம் பிஎச்பியில், அதாவது சர்வரில் ஓடும் ஒரு புரோகிராம் மொழியில், எழுதியது. அந்த ஸ்கிரிப்ட் ஓடினால்தான் நீங்கள் யார் என்று பார்க்கும். நேராக ஒரு ஜேபிஜி ஃபைலைக் கேட்டால் ஸ்கிரிப்ட் ஓடவே ஓடாது, அப்பாச்சி (பிரவுசர் கேட்கும் ஃபைலை எடுத்துக் கொடுக்கும் சர்வர் மென்பொருள்) டிஸ்கிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். மண்டப வாசலில் பன்னீர் தெளித்து முகம் பார்த்து உள்ளே விடுகிறார்கள், ஆனால் சமையல்கட்டு வழியாக வந்தால் யாரும் கேட்காமல் பந்தியில் உட்கார்ந்துவிடலாம் என்கிற கதை. நம் பக்கத்துச் சின்னக் கம்பெனி வெப்சைட்டுகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்: பக்கத்துக்குக் காவல் இருக்கிறது, ஃபைலுக்கு இல்லை.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. ஃபோட்டோக்களை வெப்சைட் ஃபோல்டருக்கு வெளியே கொண்டுபோய் வைத்து, ஒவ்வொன்றையும் பிஎச்பி வழியாகவே எடுத்துக் கொடுக்கச் செய்யலாம். முறையான வேலை, ஆனால் கோடு எழுதிய ஆள் வேண்டும், அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று அண்ணனுக்கே தெரியாது. இன்னொரு வழி, ஃபோல்டரையே சர்வர் மட்டத்தில் பூட்டுவது. அனுமதி உள்ளவர் என்று தெரிந்த பிறகுதான் அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் எதையும், அது பக்கமோ படமோ ஜிப் ஃபைலோ, அப்பாச்சி வெளியே விடும். இந்தப் பதிவு இரண்டாவது வழியைப் பற்றி. டைரக்டிவ் (சர்வருக்கு நாம் எழுதும் கட்டளை வரி) பெயர்களை எல்லாம் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், ஃபைலில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால், பூட்டு என்று நினைத்துக்கொண்டு பலர் செய்யும் சில வேலைகளைச் சொல்லிவிடுகிறேன். ஃபோல்டருக்கு யாராலும் ஊகிக்க முடியாத பெயர் வைப்பது: அந்த லிங்க் ஒரு தடவை குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனதும் பெயர் ரகசியமாக இருந்து என்ன பயன், டிரைவில் ‘லிங்க் உள்ள எவரும்’ என்று போடுவதும் இதே ரகம்தான். தேடுபொறிகளுக்கு ‘இங்கே வராதே’ என்று சொல்லும் ரோபோட்ஸ் டெக்ஸ்ட் ஃபைலில் அந்த ஃபோல்டரை எழுதுவது: இது சுத்தமாக எதிர் வேலை, அந்த ஃபைலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், நல்ல தேடுபொறி அதை மதித்து ஒதுங்கிப்போகும், கெட்டவன் அதைப் படித்துத்தான் எங்கே ஒளித்து வைத்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்வான். ஆப்ஷன்ஸ் வரியில் மைனஸ் இண்டெக்ஸஸ் போடுவது: பட்டியல் காட்டுவதை நிறுத்தும், கட்டாயம் போடுங்கள், ஆனால் ஃபைல் பெயர் தெரிந்தவனை அது தடுக்காது. கேமரா தருகிற ஃபைல் பெயர் வரிசை எண்தானே, ஒன்று தெரிந்தால் மீதி எல்லாம் தெரிந்த மாதிரி.

சரி, பூட்டுக்கு வருவோம். அப்பாச்சியில் நாலே வரி. ஆத்டைப் என்பதற்கு பேசிக் என்று கொடுக்க வேண்டும். ஆத்நேம், அதாவது இது எந்த இடத்துக்கான பூட்டு என்று பிரவுசருக்குச் சொல்லும் பெயர். ஆத்யூசர்ஃபைல், பாஸ்வேர்டு ஃபைல் எங்கே இருக்கிறது என்கிற முழுப் பாதை. கடைசியாக ரிக்வயர், யாரை விடலாம் என்பது. யாராவது பாஸ்வேர்டு இல்லாமல் வந்தால் சர்வர் 401 என்று பதில் சொல்லும், அதைப் பார்த்ததும் பிரவுசர் அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்து பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். அழகான பெட்டி இல்லை. அண்ணனுக்கு அது பிடிக்கவே இல்லை, ‘நம்ம லோகோ போட முடியாதா’ என்றார். முடியாது.

இந்த நாலு வரியை எங்கே எழுதுவது என்பதில்தான் முதல் கண்ணி. இணையத்தில் தேடினால் எல்லாரும் அந்தந்த ஃபோல்டருக்குள்ளேயே டாட் எச்டிஆக்ஸஸ் என்று ஒரு ஃபைல் போடச் சொல்வார்கள். ஷேர்டு ஹோஸ்டிங், அதாவது பலரோடு ஒரே சர்வரைப் பங்கு போட்டு வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, அவர்களுக்குத் தரப்படும் சிபேனல் நிர்வாகப் பக்கத்தில் ‘டைரக்டரி பிரைவசி’ என்று இருக்கும் பட்டனும் உள்ளுக்குள் இதையேதான் செய்கிறது. ஆனால் சர்வரே உங்கள் கையில் இருந்தால் மெயின் கான்ஃபிகில் (அப்பாச்சியின் முதன்மை அமைப்பு ஃபைல்), அந்த ஃபோல்டருக்கான டைரக்டரி பிளாக்குக்குள் எழுதுவதுதான் நல்லது, அப்பாச்சியின் சொந்த மேனுவலே அப்படித்தான் சொல்கிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் அந்த ஃபைலைத் தேடித் திறந்து படிக்கிற வேலை மிச்சம் என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று: அப்பாச்சியின் 2.4 வரிசையில், டாட் எச்டிஆக்ஸஸை மதிக்கலாமா என்று சொல்லும் அலவ்ஓவர்ரைடு என்பது எதுவும் சொல்லாவிட்டால் ‘நன்’ (எதுவும் கூடாது) என்றே இருக்கும். அப்படி இருந்தால் அப்பாச்சி உங்கள் டாட் எச்டிஆக்ஸஸை எட்டிக்கூடப் பார்க்காது. எரர் வராது, லாகில் ஒரு வரி வராது, வெப்சைட் ஜோராக ஓடும், பூட்டு மட்டும் இருக்காது. குறைந்தது ஆத்கான்ஃபிக் என்றாவது அங்கே கொடுத்திருக்க வேண்டும்.

பாஸ்வேர்டு ஃபைலை எச்டிபாஸ்வேர்டு (அடிக்கும்போது htpasswd) கமாண்டால் உருவாக்குவோம், டெபியன், உபுண்டுவில் அப்பாச்சி2-யூடில்ஸ் பேக்கேஜில் இருக்கும். முதல் ஆளைச் சேர்க்கும்போது மைனஸ் சின்ன சி. இரண்டாவது ஆளுக்கு அதைப் போடவே கூடாது, போட்டால் ஃபைலைப் புதிதாக உருவாக்கும், பழைய ஆட்கள் எல்லாம் போய்விடுவார்கள், கேட்கக்கூடக் கேட்காது. மைனஸ் பெரிய பி போட்டால் பிகிரிப்ட் முறையில் ஹேஷ் செய்யும், அதாவது பாஸ்வேர்டைத் திருப்பிப் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும், அதையே பயன்படுத்துங்கள். போடாவிட்டால் எம்டி5 அடிப்படையிலான பழைய முறைதான். ஃபைலை வெப்சைட் ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள், ஓனர் ரூட், குரூப் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, பெர்மிஷன் 640. அப்பாச்சி படிக்க முடிய வேண்டும், மற்றவர்களுக்குக் கூடாது. பாதையை முழுதாக, ஸ்லாஷில் தொடங்கி எழுதுங்கள், பாதிப் பாதை கொடுத்தால் அது சர்வர்ரூட்டிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளும்.

இப்போது அந்த ரிக்வயர் வரி. இதை எல்லாரும் ‘ரிக்வயர் வேலிட்-யூசர்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரே ஆபீஸ், ஒரே ஃபோல்டர் என்றால் சரி. கல்யாண ஆல்பத்துக்கு இது ஆபத்து. வேலிட்-யூசர் என்றால் அந்த பாஸ்வேர்டு ஃபைலில் இருக்கும் யாராக இருந்தாலும் சரி என்று பொருள். நெல்லிக்குப்பம் வீட்டாருக்குக் கொடுத்த பாஸ்வேர்டால் அரியாங்குப்பம் வீட்டு ஆல்பத்தையும் திறக்கலாம். நீங்கள் யார் என்று தெரிவது வேறு, இந்த ஃபோல்டருக்கு நீங்கள் வரலாமா என்பது வேறு. அதனால் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ‘ரிக்வயர் யூசர்’ என்று எழுதி, பக்கத்தில் அந்த வீட்டுக்குக் கொடுத்த பெயரை மட்டும் போட வேண்டும். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று இரண்டு பெயர் கொடுத்தால் இரண்டையும் ஒரே வரியில் எழுதலாம். ஸ்டூடியோ ஆட்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றால் ஒரு குரூப் ஃபைல் வைத்து, ‘ரிக்வயர் குரூப்’ என்று இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

ஆத்நேமையும் ஆல்பத்துக்கு ஆல்பம் மாற்றி வையுங்கள். பிரவுசர் அந்தப் பெயரை வைத்துத்தான் எந்த பாஸ்வேர்டை எங்கே அனுப்புவது என்று நினைவு வைத்துக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் என்றால் ஒரு ஃபோல்டருக்குக் கொடுத்ததை அடுத்ததுக்கும் தானாகவே நீட்டிப் பார்க்கும். இன்னொன்று, சரியான பாஸ்வேர்டுதான், ஆனால் வேறு வீட்டு ஃபோல்டர் என்றால் அப்பாச்சி 403 (அனுமதி இல்லை) சொல்லாது, மறுபடியும் 401 சொல்லும், பெட்டி மறுபடி மறுபடி வரும். ‘பாஸ்வேர்டு வேலை செய்யல’ என்று வருகிற ஃபோன்களில் பாதி தப்பான ஆல்பம் லிங்க் அனுப்பியதால் வருபவை.

ரிக்வயர் வரிகள் ஒன்றுக்கு மேல் எழுதும்போது இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ். வாடிக்கையாளர்களின் பான் கார்டு, ஆதார் ஸ்கேன் எல்லாம் ஒரு ஃபோல்டரில். அதை ஆபீஸ் இணையத்திலிருந்து மட்டும், அதுவும் பாஸ்வேர்டோடு மட்டும் திறக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ‘ரிக்வயர் ஐபி’ ஒரு வரி, ‘ரிக்வயர் வேலிட்-யூசர்’ ஒரு வரி என்று ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியிருந்தது. அப்பாச்சி 2.4 இதை ‘இரண்டில் ஏதாவது ஒன்று போதும்’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆபீஸுக்குள் வந்து வைஃபை வாங்கிய யாருக்கும் பாஸ்வேர்டு தேவையில்லை, பாஸ்வேர்டு தெரிந்தவருக்கு ஆபீஸ் தேவையில்லை. இரண்டும் வேண்டும் என்றால் ரிக்வயர்ஆல் பிளாக்குக்குள் போட வேண்டும். அப்புறம் ஐபியை நம்புவதாக இருந்தால் நிலையான ஐபி வாங்கிக்கொள்ளுங்கள், சாதாரண பிராட்பேண்டில் கரண்ட் போய் ரூட்டர் மறுபடி எழுந்தால் நேற்றைய ஐபி இன்று உங்களுடையதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கடலூரில் மழைக்காலத்தில் இது வாராவாரம் நடக்கும்.

பழைய டுடோரியல்களைப் பார்த்து எழுதினால் வருகிற வினையும் ஒன்று உண்டு. ஆர்டர், டினை ஃப்ரம், அலவ் ஃப்ரம் என்று எழுதியிருந்தால் அது 2.2 காலத்து முறை, 2.4 வந்தது 2012-இல். ரிக்வயர் வரிகளை லிமிட் பிளாக்குக்குள் கெட், போஸ்ட் என்று மெத்தட் (சர்வரிடம் கேட்கும் விதம்) சொல்லி அடைத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், அந்த இரண்டுக்கும், கெட்டோடு சேர்த்தே கணக்காகும் ஹெட்டுக்கும் மட்டும்தான் பூட்டு, மற்ற மெத்தட் எதில் வந்தாலும் கதவு திறந்தேதான் இருக்கும்.

எச்டிடிபிஎஸ் (பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் போவதை மறைத்து அனுப்பும் இணைப்பு) இல்லாமல் இதைச் செய்யவே செய்யாதீர்கள். பேசிக் முறையில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் நடுவில் ஒரு கோலன் வைத்துச் சேர்த்து, பேஸ்64 ஆக மாற்றி, ஒவ்வொரு கோரிக்கையோடும் போகும். ஒவ்வொரு ஃபோட்டோவுக்கும். பேஸ்64 என்பது ரகசியக் குறியீடு இல்லை, யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பிப் படிக்கலாம். இந்த முறைக்கான இப்போதைய தரநிலை, 2015-இல் வந்த ஆர்எஃப்சி 7617, டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்ஸுக்கு அடியில் இருக்கும் மறைக்கும் முறை) போன்ற பாதுகாப்பு இல்லாமல் இது பாதுகாப்பான முறையே இல்லை என்று தானே சொல்லிவிடுகிறது. லெட்ஸ் என்க்ரிப்ட்டில் அதற்கு வேண்டிய சர்டிஃபிகேட் இலவசம்தான், காசைக் காரணம் சொல்ல முடியாது.

ஆனால் எச்டிடிபிஎஸ் போட்டும் கோட்டைவிடுகிற இடம் இருக்கிறது. டாட் எச்டிஆக்ஸஸுக்குள்ளேயே எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடும் ரீரைட் விதியையும் எழுதி, அங்கேயே பூட்டையும் போட்டால், அப்பாச்சி முதலில் பாஸ்வேர்டைக் கேட்டுவிட்டு அப்புறம்தான் திருப்பிவிடும். அதாவது பாஸ்வேர்டு ஒரு தடவை வெட்டவெளியில் போய்விட்டது. இரண்டு தடவை பாஸ்வேர்டு கேட்கிறது என்று யாராவது புலம்பினால் இதுதான் காரணமாக இருக்கும். எச்டிடிபி வந்து சேரும் 80-ஆம் போர்ட் விர்ச்சுவல் ஹோஸ்டில் (கான்ஃபிகில் அந்த வாசலுக்கான பகுதி) திருப்பிவிடும் வரி மட்டும் இருக்கட்டும், பூட்டு எச்டிடிபிஎஸ் வரும் 443-இல் இருக்கட்டும். இன்னொரு பக்கம், சைட் முழுக்கப் பூட்டுப் போட்டீர்கள் என்றால் சர்டிஃபிகேட் புதுப்பிக்க வெல்-நோன் ஃபோல்டரைப் பார்க்க வருகிற லெட்ஸ் என்க்ரிப்ட்டுக்கும் 401 கிடைக்கும். சர்டிஃபிகேட் செல்லுபடியாவது 90 நாள். பூட்டுப் போட்ட அன்று எல்லாம் ஒழுங்காக ஓடும், அப்புறம் எல்லாரும் மறந்துபோன ஒரு முகூர்த்த நாளில் சைட் சிவப்பாகி நிற்கும். அந்த ஒரு பாதைக்கு மட்டும் ‘ரிக்வயர் ஆல் கிராண்டட்’ கொடுத்துவிடுங்கள்.

அப்பாச்சிக்குப் பதிலாக என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வர் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பதிவு எழுதத் தொடங்கியதே அதற்காகத்தான். என்ஜின்எக்ஸுக்கு டாட் எச்டிஆக்ஸஸ் என்றால் என்னவென்றே தெரியாது. ‘அப்பாச்சி மெதுவாக இருக்கிறது’ என்று யாராவது ஒரு ராத்திரியில் என்ஜின்எக்ஸுக்கு மாற்றிக் கொடுத்தால், அத்தனை பூட்டும் சத்தமில்லாமல் கழன்றுவிடும், கூடவே அந்த டாட் ஃபைல்களையே சாதாரண ஃபைலாகக் கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்கும், நீங்கள் தனியாகத் தடுத்தால் ஒழிய. அங்கே லொகேஷன் பிளாக்குக்குள் (எந்த முகவரிக்கு என்ன விதி என்று சொல்லும் பகுதி) ஆத்_பேசிக், ஆத்_பேசிக்_யூசர்_ஃபைல் என்று இரண்டு வரி எழுத வேண்டும். பாஸ்வேர்டு ஃபைலை எச்டிபாஸ்வேர்டு கமாண்டாலேயே உருவாக்கலாம்.

எழுதி முடித்து ஆல்பம் பக்கத்தைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கும். சந்தோஷப்படலாம் என்றால், பெரும்பாலான என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில் ஜேபிஜி, பிஎன்ஜி, சிஎஸ்எஸ் எல்லாவற்றையும் பிரவுசர் பல நாள் சேமித்து வைத்துக்கொள்ளட்டும் என்று ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (‘ஜேபிஜி என்று முடிவது எதுவும்’ என்பது போல வடிவத்தைச் சொல்லும் குறியீடு) ஒரு லொகேஷன் பிளாக் இருக்கும், எங்கிருந்தாவது காப்பி செய்து ஒட்டியது. என்ஜின்எக்ஸ் ஒரு கோரிக்கைக்கு ஒரே ஒரு லொகேஷனைத்தான் தேர்ந்தெடுக்கும், சாதாரண ஆல்பம் லொகேஷனும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் லொகேஷனும் பொருந்தினால் ரெகுலர் எக்ஸ்பிரஷன்தான் ஜெயிக்கும். ஆக, ஆல்பம் பக்கத்துக்குப் பூட்டு, ஆல்பத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு ஜேபிஜிக்கும் பூட்டு இல்லை! சுற்றிச் சுற்றி அண்ணனின் பழைய வெப்சைட் இருந்த நிலைமைக்கே வந்து சேர்ந்துவிடுகிறோம், இந்தத் தடவை பிஎச்பியைத் திட்டவும் முடியாது. ஆல்பம் லொகேஷனுக்கு முன்னால் கேரட், டில்டே குறிகளைச் சேர்த்து எழுதினால் ரெகுலர் எக்ஸ்பிரஷன்களைப் பார்க்காமல் அதையே எடுத்துக்கொள்ளும். அந்த இரண்டு எழுத்துதான் வித்தியாசம்.

அதனால் பூட்டுப் போட்ட பிறகு சோதித்துப் பார்ப்பதென்றால், ஆல்பம் பக்கத்தைத் திறந்து ‘ஆ, கேட்கிறது’ என்பது சோதனையே அல்ல. வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், இன்காக்னிட்டோவில், ஒரு ஜேபிஜியின் முழு முகவரியை நேராக அடித்துப் பாருங்கள். கர்ல் கமாண்ட் (பிரவுசர் இல்லாமல் முகவரியைக் கேட்டுப் பார்ப்பது) தெரிந்தவர்கள் மைனஸ் பெரிய ஐ போட்டுத் தலைப்பை மட்டும் வாங்கிப் பாருங்கள், 401 என்று இருக்க வேண்டும், 200 (இந்தா ஃபைல்) என்று இருந்தால் வேலை முடியவில்லை. ஜிப், பிடிஎஃப், வீடியோ என்று ஒவ்வொரு வகையிலும் ஒன்று பாருங்கள். நடுவில் சிடிஎன் (வேகத்துக்காக ஃபைல்களின் காப்பியைத் தன்னிடம் வைத்துக் கொடுக்கும் சேவை) வைத்திருந்தால், பூட்டுப் போடுவதற்கு முன்னால் அது எடுத்து வைத்துக்கொண்ட காப்பியை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கும், அங்கே போய்ப் பர்ஜ் செய்ய, அதாவது அந்தக் காப்பியை அழிக்க வேண்டும்.

அப்புறம் பாஸ்வேர்டு. அண்ணன் முதலில் கேட்டது மாப்பிள்ளை பெயரும் 123-உம். பத்திரிகையிலேயே அச்சடித்திருக்கும் பெயர் அது. அப்பாச்சியின் பேசிக் முறையில் இத்தனை தடவை தப்பாக அடித்தால் நிறுத்து என்பதெல்லாம் கிடையாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் முயற்சி செய்யலாம், ஃபெயில்2பேன் என்ற தனி மென்பொருள் போட்டால்தான் தொடர்ந்து தப்பாக அடிக்கிற ஐபியை வெளியே தள்ளும். கடைசியில் சம்பந்தமில்லாத மூன்று தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதிக் கொடுப்பது என்று முடிவானது, பாட்டிகூட ஃபோனில் கேட்டு அடிக்கலாம். அதைக் குடும்பக் குரூப்பில் போடத்தான் போகிறார்கள், அதைத் தடுக்க நம்மால் ஆகாது. வீட்டுக்கு ஒரு யூசர்நேம் என்பதால் எந்த வீட்டு பாஸ்வேர்டு ஊர் சுற்றுகிறது என்றாவது ஆக்ஸஸ் லாகில் தெரியும், பெயரும் அங்கே பதிவாகிறது. இந்த முறையில் லாக்அவுட் என்று ஒன்று கிடையாது, பிரவுசரை மூடும் வரை பாஸ்வேர்டு அதன் நினைவில்தான் இருக்கும், அதனால் பிரவுசிங் சென்டரில் திறந்து பார்க்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பச் சொன்னேன்.

நூற்றுக்கணக்கான ஆட்கள், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு, மறந்தால் ஓடிபி என்றெல்லாம் போனால் இது தாங்காது, அதற்கு ஒழுங்காக ஒரு அப்ளிகேஷன் எழுத வேண்டும். ஒரு ஸ்டூடியோவுக்கு, ஓர் ஆடிட்டர் ஆபீஸுக்கு இது போதும்.

வருஷம் தாண்டிய ஆல்பங்களை சர்வரிலேயே வைத்திருப்பதில் அண்ணனுக்கும் லாபமில்லை, டிஸ்க் வாடகைதான் ஏறுகிறது. அவற்றைக் கடையில் இருக்கும் ஹார்டு டிஸ்குக்கு இறக்கிவிட்டு, எச்டிபாஸ்வேர்டு கமாண்டில் மைனஸ் பெரிய டி போட்டு அந்த வீட்டு யூசரை நீக்கிவிட்டு, கான்ஃபிக்கில் அந்த பிளாக்கையும் எடுத்துவிட்டால் ஆயிற்று. ஃபோல்டரை முதலில் எடுங்கள், பிளாக்கைக் கடைசியில் எடுங்கள். வரிசை மாறினால் நடுவில் கொஞ்ச நேரம் ஃபோட்டோ இருக்கும், பூட்டு இருக்காது.